ஒரு வீடு, ஓர் அம்மா, எட்டுப் பிள்ளைகள்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கனடாவிலிருந்து போன் வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி. இப்போது அவளுக்கே கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"டீச்சர், எங்க சர்ச்சுல ஆப்பிரிக்காவுல அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு கட்டுறாங்க. பெரிய ஹாஸ்டல் மாதிரி இல்ல டீச்சர், குட்டிக் குட்டி வீடு. ஒரு வீட்டுல எட்டுப் பிள்ளைங்க, பார்த்துக்க ஒரு அம்மா. நம்ம பேட்ச் எல்லாரும் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் பணம் குடுக்கலாம்னு குரூப்ல பேசிட்டிருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்ல காரியம், தாராளமா செய்யுங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. "ரெண்டு நாள் டைம் குடும்மா, யோசிச்சு எழுதுறேன்" என்றேன். இரண்டு நாள் என்றது மூன்று வாரம் ஆகிவிட்டது. கையில் இருந்த புத்தகங்களையும் கிடைத்த கட்டுரைகளையும் படித்துப் பார்த்தேன். படித்ததை அவளுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி பொறுமையாக வாசியுங்கள்.

நான் ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்காம் வகுப்புக்கு ஓவியப் பாடவேளையில் "எங்கள் வீடு" என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் வரைந்தார்கள். முக்கோணக் கூரை, ஒரு கதவு, பக்கத்தில் தென்னை மரம், மலைக்கு நடுவே சூரியன். ஒரு பையன் மட்டும் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீளமாக ஒரு கட்டடம் வரைந்து, அதில் வரிசையாக ஜன்னல் வைத்திருந்தான். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இது பள்ளிக்கூடம்லா? வீடு வரையச் சொன்னா என்ன வரைஞ்சிருக்க?" என்று கேட்டேன். "இதான் டீச்சர் எங்க வீடு" என்றான். அவன் பக்கத்து ஊரில் இருந்த ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து வருகிற பையன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

அந்தப் பையனைப் பற்றிக் கடைசியில் மீண்டும் சொல்கிறேன். இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

தாய் தந்தை இல்லாத பிள்ளைகளுக்கு வீடு மாதிரி ஒன்றைக் கட்டித் தரவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இருந்தவை பெரும்பாலும் பெரிய பெரிய கட்டடங்கள்தான். அவற்றுள் புகழ்பெற்றது ஜார்ஜ் முல்லர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடத்தியது. முல்லர் பிறப்பால் ஜெர்மானியர். 1836-இல் ஒரு வாடகை வீட்டில் தொடங்கினார். பிறகு 1849 முதல் 1870 வரை ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து மாபெரும் கட்டடங்களைக் கட்டினார். மொத்தம் 2,050 பிள்ளைகள் தங்கலாம். யாரிடமும் போய்க் கையேந்தாமல், ஜெபத்தை மட்டும் நம்பி நடத்தியவர் என்று அவரைப் போற்றுவார்கள். பிள்ளைகளுக்கு வயிறாரச் சோறு, சுத்தமான துணி, நல்ல படிப்பு எல்லாம் கிடைத்தன. தெருவில் சாகவேண்டிய பிள்ளைகள் பிழைத்தார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒரு கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். என் மாணவன் வரைந்த அந்த ஜன்னல் வரிசைதான்.

அதே காலத்தில் ஜெர்மனியில் இன்னொருவர் வேறு வழியில் போனார். அவர் பெயர் யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன். ஹாம்பர்க் நகரத்தில் 1808-இல் பிறந்தவர். 15 வயதில் தகப்பனாரை இழந்தார். வீட்டில் இவர்தான் மூத்த பிள்ளை, பின்னால் ஆறு பேர். டியூஷன் எடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். இறையியல் படித்து முடித்து ஹாம்பர்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் ஞாயிறு பள்ளி நடத்தியபோது, கவனிப்பாரற்ற பிள்ளைகளின் நிலையை நேரில் பார்த்தார். 1833-இல் நகரத்துக்கு வெளியே ஹார்ன் என்ற இடத்தில் நண்பர் ஒருவர் கொடுத்த ஒரு பழைய வீட்டில் தன் அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு குடியேறினார். அந்த வருட முடிவுக்குள் 12 பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த இடத்துக்கு ரௌஹெஸ் ஹவுஸ் என்று பெயர்.

பிள்ளைகள் கூடியபோது விஷர்ன் அந்த வீட்டைப் பெரிதாக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சிறிய வீடு கட்டினார். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களோடு ஒரு பொறுப்பாளர். அந்தக் கூட்டத்துக்குக் 'குடும்பம்' என்றே பெயர். சுற்றிலும் மதில் கிடையாது, பூட்டு கிடையாது. அந்தக் காலத்தில் தெருப் பிள்ளைகள் என்றாலே பாதித் திருடர்கள் என்று நினைத்தார்கள். அவர்களைப் பூட்டாமல் வளர்க்கலாம் என்பதே பெரிய துணிச்சல். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றினாராம். இன்று உலகம் முழுக்கத் தேவாலயங்களில் டிசம்பர் மாதம் வைக்கிற 'அட்வென்ட்' வளையம் அந்தப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான். நாள்காட்டி பார்க்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நாளைக் கண்ணால் காட்டிய நல்ல ஆசிரியர் அவர் என்று எனக்குத் தோன்றும்.

இங்கிலாந்திலிருந்து பலர் போய் இதைப் பார்த்து வந்து எழுதினார்கள். கொஞ்ச காலத்தில் அங்கேயும் இந்த எண்ணம் வேர்விட்டது.

டாக்டர் பர்னார்டோ என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டப்ளினில் 1845-இல் பிறந்தவர். சீனாவுக்கு மிஷனரியாகப் போவதற்காக மருத்துவம் படிக்க 1866-இல் லண்டன் வந்தார். லண்டன் தெருப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். திருமணப் பரிசாகக் கிடைத்த பார்க்கிங்சைடு இடத்தில் 60 சிறுமிகளை ஒரே கூரையின் கீழ் வைத்து ஒரு விடுதி தொடங்கினார். கொஞ்ச நாளிலேயே இது சரிவராது என்று அவரே உணர்ந்தார். அறுபது பெண்களுக்குள் ஒருத்தியின் அழுகை யாருக்குக் கேட்கும்? 1876-இல் அதே இடத்தில் ஒரு புல்வெளியைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி ஒரு கிராமத்தையே உருவாக்கினார். வீட்டுக்கு ஓர் 'அம்மா'. பெரிய பெண்ணும் கைக்குழந்தையும் ஒரே வீட்டில். இரண்டு வருடம் கழித்து, 1878-இல், ஸ்காட்லாந்தில் வில்லியம் குவாரியர் என்ற செருப்பு வியாபாரி 'பிரிட்ஜ் ஆஃப் வியர்' என்ற ஊரில் இதே மாதிரி ஒரு கிராமம் தொடங்கினார். தகப்பன் இல்லாமல், சிறு வயதிலேயே கிளாஸ்கோவில் தொழிற்சாலை வேலைக்குப் போன பிள்ளை அவர்.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். விஷர்னுக்கும் தகப்பன் இல்லை, குவாரியருக்கும் இல்லை. பசி தெரிந்தவர்கள்தான் இதைச் செய்தார்கள். ஆனால் நல்லவர்கள் செய்ததாலேயே எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை.

வீடுகள் நிரம்பின. வாசலில் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். இடம் வேண்டும். அப்போது அவர்களுக்குத் தோன்றிய வழி கப்பல். குவாரியர் நடத்திய இல்லங்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 7,000 பிள்ளைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பர்னார்டோவும் 1882 முதல் அனுப்பினார். பல அமைப்புகள் சேர்ந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகளைக் கனடாவுக்கு மட்டும் அனுப்பின. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலருக்கு அது கிடைத்தது. பலர் பண்ணைக் கூலிகளாகவே வளர்ந்தார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கு இங்கிலாந்தில் அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். வறுமையால் பிள்ளையை விட்டவர்கள். 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று இதற்காக மன்னிப்புக் கேட்டார். கனடாவிலிருந்து எனக்குப் போன் செய்த பிள்ளையே, உன் பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தாவோ பாட்டியோ இப்படி வந்தவராக இருக்கலாம்.

இனி கடல் தாண்டி நம் நாட்டுக்கு இந்த எண்ணம் வந்த கதை. 1900, 1901 என்று அடுத்தடுத்த வருடங்களில் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றும் தொடங்கின.

வடக்கே காலிம்பாங். டார்ஜிலிங்குக்குப் பக்கத்து மலையூர். ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக ஜான் ஆண்டர்சன் கிரகாம் 1889-இல் அங்கே வந்தார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். வெள்ளைக்காரத் துரைமாருக்கும் அங்கே வேலை செய்த பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். துரையின் சமூகம் அவர்களை ஏற்காது. துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போனால் அவர்கள் கதி என்ன என்று கேட்க ஆள் இல்லை. கிரகாம் கேட்டார். 1900 செப்டம்பர் 24-ஆம் தேதி ஆறு பிள்ளைகளோடு ஓர் இல்லம் தொடங்கினார். அவர் மாதிரியாகக் கொண்டது குவாரியரின் கிராமத்தைத்தான். மலைச்சரிவில் வீடு வீடாகக் கட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீட்டுத்தாய், உதவிக்கு 'ஆன்ட்டி'கள். வேலைக்காரர்கள் கிடையாது. சமையல், துடைப்பம், துணி துவைப்பது எல்லாம் பிள்ளைகள் முறைவைத்துச் செய்யவேண்டும். இன்றும் டாக்டர் கிரகாம்ஸ் ஹோம்ஸ் என்ற பெயரில் அது பள்ளியாக நடக்கிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அனாதைகள் அல்ல. அப்பா பணம் கட்டினார். அம்மா தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தாள். அஸ்ஸாமிலிருந்துகூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சின்ன வயதிலேயே பிரித்துவிட்டால்தான் 'நல்லபடியாக' வளரும் என்பது அந்தக் காலத்து எண்ணம். அம்மா வந்து பார்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. வளர்ந்த பிறகு, 1908-இலிருந்து 1938-க்குள் சுமார் 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் தங்கள் பிறப்பைப் பற்றித் தங்கள் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. அப்படிப் போன ஒருவரின் பேத்திதான் ஜேன் மெக்கேப் என்ற வரலாற்று ஆசிரியர். பாட்டி சொல்லாமல் விட்டதைத் தேடப்போய், அப்படிப்பட்ட பல குடும்பங்களின் கதையைச் சேர்த்து 2017-இல் புத்தகமாக எழுதினார். வீடு இருந்தது, வீட்டுத்தாய் இருந்தார், வயிறும் நிறைந்தது. பெற்றவளை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாம் தலைமுறையில் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து தேடுகிறார்கள்.

தெற்கே நம் டோனாவூர். களக்காட்டுக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். ரேனியஸ் ஐயர் காலத்தில் கோயில் கட்டப் பணம் கொடுத்த டோனா பிரபுவின் பெயரால் வந்த ஊர்ப்பெயர். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி படிக்கும்போது எங்களை ஒருநாள் அங்கே அழைத்துப் போனார்கள். மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கொஞ்சம் பெரிய பெண் ஒருத்தி சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அது எங்கள் வீட்டுத் திண்ணை மாதிரியே இருந்தது.

அதைத் தொடங்கியவர் ஏமி கார்மைக்கேல். வட அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் தமிழ் படித்து, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்துவந்தார். பிள்ளைகள் இல்லம் நடத்தும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. 1901 மார்ச் மாதம் பண்ணைவிளையில் இருந்தபோது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அடைக்கலம் தேடி வந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகக் கொடுக்கப்பட்டவள். அதற்கு முன்னால் ஒருமுறை தப்பித்துத் தூத்துக்குடியில் இருந்த தன் அம்மாவிடம் நடந்தே போயிருக்கிறாள். அம்மாவால் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. மறுபடியும் ஒப்படைத்துவிட்டாள். தேவதாசி மரபைப் பற்றி இன்று ஆய்வாளர்கள் பல கோணங்களில் எழுதுகிறார்கள், மிஷனரிகள் எழுதியது ஒரு பக்கம்தான் என்றும் சொல்கிறார்கள். அது தனிக் கதை. அந்தச் சிறுமிக்குப் போக வேறு வாசல் இல்லை என்பது மட்டும் உண்மை. பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வீட்டுக் கதவையும் இப்படிச் சில பெண்கள் தட்டினார்கள். அதிலிருந்துதான் 1930-இல் ஔவை இல்லம் பிறந்தது.

அந்த ஒரு சிறுமியிலிருந்து 1904-இல் 17 பிள்ளைகள், 1913-இல் 130 பிள்ளைகள். 1918 முதல் ஆண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் கைக்குழந்தைகள் பிழைக்கும் என்று அங்கே ஒரு வீடு எடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. 1915-இல் புற்றுநோயால் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர். டோனாவூர் என்றதும் எல்லோரும் வெள்ளைக்கார அம்மாவைச் சொல்வார்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பால் புகட்டிய பொன்னம்மாளை நாமாவது சொல்லவேண்டும்.

டோனாவூரில் என்னை மிகவும் கவர்ந்தது அங்கே ஒருவரை ஒருவர் கூப்பிட்ட விதம். மேட்ரன், வார்டன், சூப்பரின்டென்டென்ட் என்ற சொற்களே இல்லை. ஏமி கார்மைக்கேல் 'அம்மா'. கடல் தாண்டி வந்த மற்றப் பெண்கள் 'சித்தி'. நம் ஊர்ப் பெண்கள் 'அக்காள்'. ஆண்கள் 'அண்ணாச்சி'. நெல்லைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும், நம் பலசரக்குக்கடை அண்ணாச்சியேதான். ஓர் அக்காளும் சில பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வீடு. எல்லோரும் சேலைதான் கட்டினார்கள், சீமையிலிருந்து வந்தவர்கள் உட்பட. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு அங்கே வந்து சேர்ந்த தேதியே திருநாள். 'வந்த நாள்' என்று கொண்டாடினார்கள். நான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாமல் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி போட்டிருக்கிறேன். 'நீ எங்களிடம் வந்த நாள்' என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

குறை இல்லாத இடமா? இல்லை. வெளி உலகம் தெரியாமல், வேலிக்குள் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள் என்ற விமர்சனம் உண்டு. உறவினர்கள் வந்து பிள்ளையைக் கேட்டு நீதிமன்றம்வரை போன சம்பவங்களும் உண்டு. ஆனாலும் காலிம்பாங்கையும் டோனாவூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. இரண்டிலும் சின்ன வீடு, இரண்டிலும் ஒரு தாய். ஓரிடத்தில் பிள்ளையைப் பெற்றவளின் மொழியிலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். இன்னோரிடத்தில் வந்தவர்கள் பிள்ளையின் மொழிக்குள் வந்து சித்தியும் அண்ணாச்சியும் ஆனார்கள்.

ஏமி அம்மா 1931-இல் கீழே விழுந்து கால் முறிந்து, கடைசி இருபது வருடமும் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். 1951 ஜனவரி 18-இல் இறந்தார். தனக்குக் கல்லறைக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டியை வைத்திருக்கிறார்கள். அதில் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நான் பார்த்தபோது மைனா ஒன்று அதில் குளித்துக்கொண்டிருந்தது.

இன்று இந்த மாதிரி வீடுகளுக்கு உலகம் முழுக்க அறியப்பட்ட பெயர் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம். அது மிஷன் அல்ல, ஆனால் அதே எண்ணத்தின் தொடர்ச்சி. தொடங்கியவர் ஆஸ்திரியா நாட்டின் ஹெர்மன் க்மைனர். சின்ன வயதில் அம்மாவை இழந்து அக்காவால் வளர்க்கப்பட்டவர். இரண்டாம் உலகப் போர் விட்டுப்போன பிள்ளைகளுக்காக 1949-இல் இம்ஸ்ட் என்ற ஊரில் முதல் கிராமம் கட்டினார். அவர் வைத்த நான்கு விதிகள்: ஓர் அம்மா, உடன்பிறப்புகள், ஒரு வீடு, ஒரு கிராமம். இந்தியாவுக்கு 1964-இல் வந்தது. இப்போது அந்த அமைப்பே வீடு கட்டுவதோடு நிற்காமல், பிள்ளைகள் பெற்றோரைப் பிரியாமல் இருக்க ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் வேலையையும் செய்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாகக் கற்ற பாடம் அது.

இனி என் மாணவனுக்கு வருகிறேன். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க டீச்சர்" என்றான்.

அவனுக்கு அப்பா இல்லை. அம்மா இருந்தார். பீடி சுற்றுகிற பெண். மூன்று பிள்ளைகள். மூத்தவனான இவனைக் காப்பகத்தில் விட்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார். சில மாதம் பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் வரமாட்டார். அடுத்த நாள் திங்கட்கிழமை வகுப்பில் இவன் முகத்தைப் பார்த்தாலே அம்மா வந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். பள்ளிப் பதிவேட்டில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் காப்பகப் பொறுப்பாளரின் பெயர்தான் இருந்தது. எழுதியது என் கைதான்.

இன்று அவன் கோயம்புத்தூரில் எலெக்ட்ரீஷியன். சொந்தமாக ஆள் வைத்து வேலை செய்கிறான். இரண்டு பிள்ளைகள். அம்மா அவனோடுதான் இருக்கிறார். இந்தப் பதிவுக்காகப் பேசியபோது, "அந்த ஹோம் நல்லதா கெட்டதாடா?" என்று நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது இல்லன்னா நான் படிச்சிருக்க மாட்டேன் டீச்சர். அதை மறக்க மாட்டேன். ஆனா அப்ப யாராச்சும் எங்கம்மா கையில மாசம் முந்நூறு ரூபா குடுத்திருந்தா, நான் அங்க போயிருக்கவே வேண்டாம்."

இதைத்தான் என் கனடாப் பிள்ளைக்குச் சொல்ல நினைத்தேன். நான் மூன்று வாரம் படித்ததை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

காப்பகங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, உலகத்தின் எந்த மூலையிலும், அம்மாவோ அப்பாவோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நம் நாட்டின் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்கவேண்டும், முதல் வழியாக அல்ல. உங்கள் ஊரிலும் கணவனை இழந்து பிள்ளையை வைத்துத் தவிக்கிற பெண்கள் இருப்பார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.

அப்படியென்றால் ஆப்பிரிக்காவில் வீடு கட்டப் பணம் கொடுக்கக்கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். தூத்துக்குடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்த அந்தச் சிறுமியைப் போன்ற பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், நீளக் கட்டடம் அல்ல, சின்ன வீடுதான் வேண்டும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் உன் சர்ச்சில் இந்தக் கேள்விகளைக் கேள் அம்மா. பரீட்சை வைக்கிறாள் டீச்சர் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

1. வரப்போகிற எட்டுப் பிள்ளைகளில் யாருக்கெல்லாம் அம்மா, அப்பா, பாட்டி, மாமா இருக்கிறார்கள்? போய்ப் பார்த்தார்களா?

2. இருந்தால், அந்தப் பாட்டி வீட்டிலேயே பிள்ளை வளர மாதம் எவ்வளவு ஆகும்? வீடு கட்டும் பணத்தில் எத்தனை பாட்டிகளுக்குக் கொடுக்கலாம்?

3. அந்த வீட்டு அம்மா யார்? பிள்ளையின் மொழி பேசுகிறவரா? எத்தனை வருடம் இருப்பார்? சம்பளம், விடுமுறை உண்டா? வருடத்துக்கு ஓர் அம்மா மாறினால் அது வீடு அல்ல, விடுதிதான்.

4. அண்ணன் தங்கை என்றால் ஒரே வீட்டில் வைப்பார்களா?

5. சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாமா? பஸ் கட்டணம் யார் கொடுப்பார்கள்?

6. 18 வயது ஆன பிறகு தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும்?

7. அந்த நாட்டு அரசு அதிகாரிகள் வந்து சோதிக்கிறார்களா?

ஏழுக்கும் நேரான பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். என் பென்ஷனிலிருந்து 5,000 ரூபாயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் முதல் இரண்டு கேள்விகளையே ஒரு திட்டமாக எழுதி, "இதற்குத் தருகிறோம்" என்று சொல்லுங்கள். கொடுக்கிற மனசு உங்களிடம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விஷர்னிடமும் குவாரியரிடமும் கிரகாமிடமும் அந்த மனசு இருந்தது. கேள்வி கேட்கவேண்டிய இடத்தில் சிலர் கேட்காமல் போனதால்தான் கப்பல்கள் புறப்பட்டன.

இன்னொன்று. ஆசிரியர் வேலையில் இருக்கிற என் மாணவர்களுக்கு மட்டும். "எங்கள் வீடு" என்று தலைப்புக் கொடுத்தால், ஒரு பிள்ளை நீளமாகக் கட்டடம் வரைந்து வரிசையாக ஜன்னல் வைத்தால், "நல்லா இருக்கு, இதுல உன் ஜன்னல் எது?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதுதான். போனில் அவனிடம் இப்போது கேட்டேன். சிரித்தான். "கடைசில இருந்து ரெண்டாவது டீச்சர். அங்க இருந்து பார்த்தா பஸ் ஸ்டாப் தெரியும்" என்றான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்